மூளையைப் பற்றிப் படிக்க எங்கே சேர்ப்பது?

நமது சங்கத்தில் ஞாயிறு மாலை கூடும் பெற்றோர்களின் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் பிள்ளைகளின் படிப்பில்தான் வந்து நிற்கும். இன்ஜினீயரிங், மருத்துவம், சி.ஏ. ஆகிய மூன்றுக்கும் வழி சொல்ல நம்மிடையே ஆட்கள் உண்டு. ஆனால் கடந்த இரண்டு ஆண்டுகளில் மூன்று குடும்பத்தார் என்னிடம் வந்து, "உங்கள் பேத்தி நியூரோசயின்ஸ் படிக்கிறாளாமே, அதற்கு எங்கே சேர்க்க வேண்டும்?" என்று கேட்டார்கள். ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்வதற்குப் பதில் இதழில் எழுதிவிடுங்களேன் என்று ஆசிரியர் சொன்னதால் எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் டாக்டரும் அல்ல, பேராசிரியரும் அல்ல. 1976-ல் திருச்சியில் எலக்ட்ரிகல் டிப்ளமா முடித்து, 1978-ல் ரயில்வே சிக்னல் பிரிவில் சேர்ந்து, 2017-ல் நாக்பூரில் சீனியர் செக்‌ஷன் இன்ஜினீயராக ஓய்வு பெற்றவன். எனக்குப் படிப்பைத் தேர்ந்தெடுத்தவர் என் தாய்மாமன். "டிப்ளமா படித்தால் சீக்கிரம் வேலை" என்றார். அவர் சொன்னது பொய்யாகவில்லை. ஆனால் எந்தப் பாடம் பிடிக்கும் என்று அன்று என்னை யாரும் கேட்கவில்லை. அதனால் பேத்தி விஷயத்திலாவது கேட்டுவிட்டுச் செய்வது என்று வைத்துக்கொண்டேன்.

அவளுக்கு இந்த எண்ணம் வந்த காரணத்தைச் சொல்ல வேண்டும். 2021 ஜனவரியில் என் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்தது, பேச்சும் போயிற்று. மூன்றாவது வாரம் பேச்சு கொஞ்சம் திரும்பியது. ஆனால் வந்தது தமிழ் மட்டும்தான். நாற்பது வருஷம் இதே ஊரில் காய்கறிக்காரரிடமும் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பெண்களிடமும் சரளமாக ஹிந்தி பேசியவள், "பானி" என்ற சொல்லைக்கூட எடுக்க முடியாமல் தவித்தாள். பேத்தியோ இங்கேயே பிறந்து வளர்ந்தவள். நம் வீட்டுப் பிள்ளைகள் பலரையும் போல, தமிழ் காதில் விழும், வாயில் வராது. பாட்டியும் பேத்தியும் பேசிக்கொண்டது எப்போதும் ஹிந்தியில்தான். ஒரே வீட்டில் இருவருக்கும் நடுவே திடீரென்று பாஷை இல்லாமல் போயிற்று. அப்போது அவள் பத்தாம் வகுப்பு.

"ஒரே மூளையில் ஒரு மொழி எப்படிப் போகும், இன்னொன்று எப்படி நிற்கும்?" என்று அவள் ஆஸ்பத்திரி டாக்டரிடம் கேட்டாள். அவர் நல்ல மனிதர். இப்படி நடப்பது உண்டு என்றும், எந்த மொழி முதலில் திரும்பும் என்பது ஆளுக்கு ஆள் மாறும் என்றும், நூறு வருஷத்திற்கு மேலாக இதைப் பற்றி எழுதி வருகிறார்கள், இன்னும் முடிவான விடை இல்லை என்றும் சொன்னார். பாட்டிக்கு நாலு மாதத்தில் ஹிந்தியும் பாதி திரும்பிவிட்டது. பேத்திக்குத்தான் அந்தக் கேள்வி போகவில்லை.

இங்கே பெற்றோர்கள் பலர் செய்யும் குழப்பம் ஒன்றைத் தீர்த்துவிட வேண்டும். நரம்பியல் மருத்துவர் வேறு, நரம்பு அறிவியல் ஆராய்ச்சியாளர் வேறு. முன்னவர் ஆக நீட் எழுதி, எம்.பி.பி.எஸ்., எம்.டி., அதன்மேல் டி.எம். முடிக்க வேண்டும். நியூரோசயின்ஸில் பி.எஸ். பட்டம் வாங்கியவர் நோயாளிக்கு மருந்து எழுத முடியாது. அமெரிக்காவில் இதைப் படித்துவிட்டு அப்படியே டாக்டராகிவிடலாம் என்பதும் அரை உண்மை. அங்கே மருத்துவக் கல்லூரி என்பது நான்கு வருடப் பட்டத்திற்குப் பிறகுதான். வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்காத மருத்துவக் கல்லூரிகளே அங்கு அதிகம். உங்கள் பிள்ளை விரும்புவது எது என்று முதலில் அவர்களையே உட்கார வைத்துக் கேளுங்கள். என் மாப்பிள்ளைக்கே இந்த வித்தியாசம் புரிய ஒரு மாதம் பிடித்தது.

2022-ல் மாப்பிள்ளை ஊரில் உள்ள ஒரு வெளிநாட்டுப் படிப்பு ஆலோசகரிடம் போனார். இந்தியாவில் "நியூரோசயின்ஸ்" என்று பெயர் போட்ட இளநிலைப் படிப்பு அரிது, அமெரிக்காதான் வழி என்று சொல்லி அவர் ஒரு கல்லூரியின் வழவழப்பான புத்தகத்தைக் கொடுத்தார். அட்டையில் நீலமும் சிவப்புமாக மூளைப் படம். நான்கு வருஷத்திற்கு ஆகும் தொகையைக் கணக்கிட்டபோது, திருவாரூரில் மாப்பிள்ளைக்கு இருந்த பூர்வீக வீட்டை விற்று, அதற்கு மேல் வங்கிக் கடனும் வாங்க வேண்டும் என்று தெரிந்தது. வீட்டுக்கு விலை பேசவும் ஆள் வந்துவிட்டான். அப்போதுதான் நான் குறுக்கிட்டேன்.

சிக்னல் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. ஸ்டேஷனுக்கு வெள்ளையடித்திருப்பதைப் பார்த்து யாரும் சான்றிதழ் கொடுப்பதில்லை. ரிலே ரூமைத் திறந்து, சர்க்யூட் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒயர் ஒயராகப் பார்ப்போம். அதே மாதிரி அந்தக் கல்லூரியின் பாடத்திட்டப் புத்தகத்தை முழுவதும் அச்செடுத்து, பென்சிலோடு நாலு நாள் உட்கார்ந்தேன். பட்டத்தின் பெயரில் நியூரோசயின்ஸ் இருந்தது. அந்தப் பெயரில் தனியாக நடத்தப்படும் பாடங்கள் மூன்றே மூன்று. மற்றவை மனோதத்துவத் துறையிலிருந்தும் பயாலஜி துறையிலிருந்தும் எடுத்துச் சேர்த்தவை. கணிதத்தில் புள்ளியியல் ஒன்றோடு சரி. பௌதிகம் கட்டாயமில்லை. கடைசி வருஷ ஆய்வுக் கட்டுரையும் இல்லை. கல்லூரியின் பெயரை எழுதுவது முறையல்ல.

பௌதிகமும் கணிதமும் இல்லை என்பதை ஏன் பெரிதாகச் சொல்கிறேன் என்றால், இது எனக்கு நேரடியாகத் தெரிந்த இடம். பேத்தியோடு சேர்ந்து நானும் ஒரு பாடப்புத்தகத்தைப் புரட்டினேன். பேர், கானர்ஸ், பாரடைசோ என்ற மூவர் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் முதல் நிலை மாணவர்களுக்கு நடத்திய வகுப்பிலிருந்து எழுதியது, ஆரம்பிப்பவர்களுக்கு ஏற்றது. அதில் நரம்பு இழையைப் பற்றிய அத்தியாயத்தைப் படித்தபோது நாற்பது வருஷம் பின்னால் போய்விட்டேன். கேபிளின் இன்சுலேஷன் வழியே மின்சாரம் கசிவதும், தூரம் போகப் போக சிக்னல் தேய்வதும், அதைத் தூக்கிவிட வழியில் ரிப்பீட்டர் வைப்பதும் நான் தினமும் பார்த்தவை. நரம்பு இழையிலும் அதே கதைதான். இழையைச் சுற்றி மையலின் என்ற கொழுப்பு உறை இன்சுலேஷன் போல இருக்கிறது. ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு இடைவெளி விட்டு, அங்கே சிக்னல் மறுபடியும் எழுப்பப்படுகிறது. உறை போட்ட தடித்த இழையில் வேகம் விநாடிக்கு 120 மீட்டர் வரை. உறையில்லாத மெல்லிய இழையில் சுமார் ஒரு மீட்டர்தான். நாம் காலாற நடக்கும் வேகம்.

இது வெறும் உவமை இல்லை. கடலடித் தந்திக் கேபிளுக்காக கெல்வின் பிரபு 1855-ல் போட்ட கணக்கு முறையைத்தான் பிற்காலத்தில் நரம்பு இழைக்கும் எடுத்துக்கொண்டார்கள். ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரு ஆங்கிலேயர்கள் கணவாய் மீனின் பெரிய நரம்பு இழையில் சோதனை செய்து, 1952-ல் நரம்புத் துடிப்புக்கு முழுச் சமன்பாடுகளையே எழுதினார்கள். கேம்பிரிட்ஜில் இருந்த கம்ப்யூட்டர் அந்தச் சமயம் பெரிய மாற்றங்களுக்காக நிறுத்தி வைக்கப்பட்டிருந்ததால், ஹக்ஸ்லி கையால் சுற்றும் கணக்கு மெஷினை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் விடை எடுத்தார். 1963-ல் இருவருக்கும் நோபல் பரிசு. இந்தச் சமன்பாடுகளைப் படித்துப் புரிந்துகொள்ளக் கால்குலஸ் வேண்டும். கால்குலஸ் இல்லாத நியூரோசயின்ஸ், மீட்டர் இல்லாத சிக்னல் மெயின்டெய்னர் போல. பல்ப் எரிகிறதா இல்லையா என்று மட்டும் சொல்லலாம்.

அமெரிக்காவில் எல்லாமே அப்படி என்று நினைத்துவிட வேண்டாம். இந்தப் படிப்பு முதலில் வளர்ந்த இடமே அதுதான். நியூரோசயின்ஸ் என்ற பெயரில் ஆராய்ச்சியாளர்கள் அங்கே சங்கம் கூட்டியது 1969-ல். ஆம்ஹர்ஸ்ட் கல்லூரி இளநிலை மாணவர்களுக்கு 1973-லேயே தொடங்கிவிட்டது. படிப்பே என்னைவிட வயதில் சின்னது! எம்.ஐ.டி.யில் மூளை மற்றும் அறிதல் அறிவியல் என்று தனித் துறை உண்டு. முதல் வருஷ மாணவர்கூட ஒரு பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து வேலை செய்யும் திட்டம் அங்கே 1969-லிருந்து நடக்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் இன்னொரு சௌகரியம், எது முதன்மைப் பாடம் என்று இரண்டாம் வருஷ முடிவில் சொன்னால் போதும். பதினேழு வயதில் எடுத்த முடிவுக்காக ஆயுள் முழுவதும் கட்டுப்பட வேண்டியதில்லை. இங்கிலாந்தில் அப்படியில்லை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் போன்ற இடங்களில் மூன்றே வருஷம், முதல் நாளிலிருந்து அதே பாடம்.

ஆனால் செலவு? அமெரிக்கத் தனியார் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் சாப்பாடு, தங்குமிடம் உட்பட ஆண்டுக்கு 80 ஆயிரம் டாலரைத் தாண்டுகிறது. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட் போன்ற சில இடங்களில் மட்டும் வெளிநாட்டு மாணவரின் பண வசதியைப் பார்க்காமல் தேர்வு செய்து, இடம் கிடைத்தால் தேவையான உதவியும் தருகிறார்கள். அங்கே இடம் கிடைக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு விண்ணப்பத்தைப் போடுங்கள். மற்றவர்களுக்கு என் கணக்கு வேறு. இந்தத் துறையில் ஆராய்ச்சி வேலை என்றால் எப்படியும் பிஎச்.டி. வேண்டும். அமெரிக்காவில் அறிவியல் பிஎச்.டி.க்கு மாணவர் பணம் கட்டுவதில்லை. பெரும்பாலும் பல்கலைக்கழகமே கட்டணத்தை ஏற்று உதவித்தொகையும் கொடுக்கிறது. அவர்கள் பணத்தில் பிற்பாடு போக வழி இருக்கும்போது, வீட்டை விற்று முன்னாலேயே போவானேன்?

இனி நம் நாட்டு நிலவரம். ஆலோசகர் சொன்னது முழுப் பொய் அல்ல. இங்கே இளநிலையில் அந்தப் பெயர்ப் பலகை அரிதுதான். ஆனால் பெயர்ப் பலகை இல்லாத ஸ்டேஷனிலும் வண்டி நிற்கும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் நான்கு வருட பி.எஸ். படிப்பு 2011-ல் தொடங்கியது. முதல் மூன்று செமஸ்டர் எல்லோரும் எல்லா அறிவியலும் படித்து, பிறகு பயாலஜியை முதன்மையாக எடுக்கலாம். அதே வளாகத்தில் நரம்பு அறிவியலுக்குத் தனி மையம் இருக்கிறது. அடுத்து ஐசர் எனப்படும் ஏழு நிறுவனங்கள்: புணே, கொல்கத்தா, மொஹாலி, போபால், திருவனந்தபுரம், திருப்பதி, பெர்ஹாம்பூர். ஐந்து வருட பி.எஸ்.-எம்.எஸ். படிப்பு. கடைசி வருஷம் ஆராய்ச்சித் திட்டம். புவனேஸ்வரத்தில் நைசர். இவற்றுக்குப் பிறகு மேல்படிப்புக்கு ஹரியானாவின் மானேசரில் தேசிய மூளை ஆராய்ச்சி மையம், பெங்களூரில் நிம்ஹான்ஸ், என்.சி.பி.எஸ். என்று போகலாம்.

நம் சென்னையையும் விட்டுவிட முடியாது. ஐ.ஐ.டி. மெட்ராஸில் உள்ள சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், கருவிலிருக்கும் மனித மூளையை 5,132 மெல்லிய சீவல்களாகப் படமெடுத்து, 2024 டிசம்பரில் உலகத்தாருக்கு இலவசமாக வெளியிட்டது.

இன்னொரு காரணமும் என் மனதைத் திருப்பியது. டாக்டர் சுவர்ணா அல்லாடியும் அவருடன் வேலை செய்தவர்களும் ஹைதராபாத்தில் மறதி நோயாளிகள் 648 பேரை ஆராய்ந்து 2013-ல் முடிவு வெளியிட்டார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசுபவர்களுக்கு நோய் சராசரி நாலரை வருஷம் தாமதமாக வந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அந்த வித்தியாசம் காணப்பட்டது. பக்கவாத நோயாளிகள் 608 பேரிடம் செய்து 2015-ல் வெளியான ஆய்வில், பாதிப்புக்குப் பின் சிந்தனைத் திறன் இயல்பாக இருந்தவர்கள் பல மொழி பேசுபவர்களில் 40.5 சதவீதம், ஒரு மொழி மட்டும் பேசுபவர்களில் 19.6 சதவீதம். வீட்டில் ஒரு மொழி, கடையில் ஒரு மொழி, ஆபீஸில் ஒரு மொழி என்று சாதாரண ஜனங்கள் கோடிக்கணக்கில் வாழும் இடம் நம் நாடு. பேத்தியின் கேள்விக்கு நோயாளிகள், டாக்டர்கள், மொழிகள் எல்லாம் இங்கேதான் இருக்கின்றன. அதைப் படிப்பதற்கு அட்லாண்டிக்கைத் தாண்டுவது எனக்கு விசித்திரமாகப் பட்டது.

2023 ஏப்ரலில் பிளஸ் டூ பரீட்சை முடிந்ததும் என் ரயில்வே பாஸில் அவளைப் பெங்களூருக்கு அழைத்துப் போனேன், சங்கமித்ராவில். அறிவியல் கழகத்தை வெளியிலிருந்து பார்த்தோம். நிம்ஹான்ஸில் மூளை அருங்காட்சியகம் இருக்கிறது. பொதுமக்களும் போகலாம், போகும் முன் நாளையும் நேரத்தையும் விசாரித்துக்கொள்ளுங்கள். கண்ணாடி ஜாடிகளில் விதவிதமான நோய்கண்ட மூளைகள். கையுறை கொடுத்து ஒரு மூளையைக் கையிலேயே வாங்கிப் பார்க்கவும் விடுகிறார்கள். ஒன்றேகால், ஒன்றரை கிலோதான்; அதற்குள் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்குமாம். பக்கவாதத்தில் பாதித்த மூளை ஒன்றும் அங்கே இருந்தது. நான் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அவள் முக்கால் மணி நேரம் உள்ளே நின்று கேள்வி கேட்டுவிட்டு வந்தாள். திரும்பும் வண்டியில், "தாத்தா, வீட்டை விற்க வேண்டாம்" என்று அவளே சொன்னாள்.

அறிவியல் கழகத்தில் இடம் கிடைக்கவில்லை. ஐசர் நுழைவுத் தேர்வில் பயாலஜி, கெமிஸ்ட்ரி, கணிதம், பௌதிகம் நான்குக்கும் சரிசமமாகப் பதினைந்து பதினைந்து கேள்விகள். அதில் தேறி 2023-ல் புணே ஐசரில் சேர்ந்தாள். நாக்பூரிலிருந்து ஒரு ராத்திரிப் பயணம்.

எல்லாம் சுகமாக நடந்தது என்று எழுதினால் பொய்யாகும். முதல் செமஸ்டர் கணிதத்தில் தட்டுத் தடுமாறி, போனில் அழுதாள். மூளை படிக்க வந்தவளுக்கு முதல் வருஷம் மூளை கண்ணிலேயே படவில்லை. இப்போது ஒரு ஆய்வுக்கூடத்தில் பழ ஈயின் மூளையோடு உட்கார்ந்திருக்கிறாள். அதில் சுமார் 1,40,000 நரம்பணுக்கள்தான். முழு வரைபடமும் 2024-ல் வெளியாகிவிட்டது. "ஈ பேசாதே தாத்தா" என்பது அவள் குறை. மொழியியலும் மனோதத்துவமும் ஒரே வளாகத்தில் விரிவாகப் படிக்கக் கிடைக்கும் சௌகரியத்தில் பெரிய அமெரிக்கப் பல்கலைக்கழகம்தான் மேல். அதை ஒப்புக்கொள்கிறேன். அந்தக் குறையைக் கடைசி வருஷத் திட்டத்தில் சரிசெய்துகொள்ளலாம் என்று இருக்கிறாள். இதற்கிடையில் பாட்டியிடம் வாரம் ஒருமுறை தமிழில் பேசிக் குறிப்பு எழுதுகிறாள். ஆராய்ச்சியாம். பாட்டிக்குப் பேத்தியின் உச்சரிப்பைத் திருத்துவதில் பரம திருப்தி.

இந்த நிறுவனங்களில் இடம் கிடைக்காதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. நல்ல கல்லூரியில் பி.எஸ்ஸி. பௌதிகமோ விலங்கியலோ உயிர் வேதியியலோ படித்துக்கொண்டே, பெங்களூர், டெல்லி, அலகாபாத் மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சித் திட்டத்திற்கு விண்ணப்பிக்கலாம். தேர்வானால் இரண்டு மாதம் பெரிய ஆய்வுக்கூடத்தில் வேலை, உதவித்தொகையும் உண்டு. பிறகு எம்.எஸ்ஸி.க்கு மானேசர் இருக்கிறது. பி.டெக். எலக்ட்ரிகல், கம்ப்யூட்டர் படித்தவர்களும் இத்துறைக்கு வருகிறார்கள். ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் டாக்டருக்குப் படித்துவிட்டுக் கேம்பிரிட்ஜ் போய் ஆராய்ச்சியாளரான வி.எஸ். ராமச்சந்திரனையும் நாம் அறிவோம். வெட்டப்பட்ட கையில் வலி இருப்பதாகத் தவித்தவர்களுக்கு, சாதாரணக் கண்ணாடி ஒன்றைப் பெட்டியில் வைத்து நிவாரணம் காட்டியவர் அவர்.

எந்தக் கல்லூரியானாலும் பாடத்திட்டப் புத்தகத்தில் நான் பென்சிலால் கோடு போட்ட இடங்கள் இவைதான். கணிதமும் பௌதிகமும் கட்டாயமா. மாணவர் எந்த வருஷத்தில் கருவியைக் கையில் தொடுகிறார். மூளை சம்பந்தமாக ஆராய்ச்சி செய்யும் பேராசிரியர் எத்தனை பேர் உண்மையில் அங்கே வேலையில் இருக்கிறார்கள். முன்னால் படித்து முடித்தவர்கள் இப்போது எங்கே. கடைசிக் கேள்விக்கு அலுவலகத்தில் பதில் கிடைக்காது. அங்கே படிக்கும் இரண்டாம் வருஷ மாணவர் ஒருவரைப் பிடித்துக் கேளுங்கள். தர வரிசைப் பட்டியல்களை நான் பார்த்தேன், ஒதுக்கிவிட்டேன். நூறாவது இடத்துக்கும் நூற்றுப் பத்தாவது இடத்துக்கும் என்ன வித்தியாசம் என்று யாராலும் எனக்குச் சொல்ல முடியவில்லை.

என் நோட்டும் அச்செடுத்த பாடத்திட்டங்களும் சங்க நூலகத்தில் ஒரு கோப்பில் இருக்கின்றன. ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு மேல் நானும் அங்கே இருப்பேன். ஒரே ஒரு வேண்டுகோள். பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்த பிறகு வராதீர்கள். பத்தாம் வகுப்பு முடிந்த உடனே வாருங்கள். பதினொன்றாம் வகுப்பில் "பயாலஜி பிள்ளைக்குக் கணக்கு எதற்கு" என்று கணிதத்தை விட்டுவிட்டால் அறிவியல் கழகத்தின் கதவு அன்றே மூடிவிடும். போன வருஷம் அப்படி ஒரு பெண் வந்தாள். நல்ல மார்க், நல்ல ஆர்வம். கணக்கு எடுக்கவில்லை. தேர்வு விதிகள் வருஷத்துக்கு வருஷம் மாறுவதால் அந்த ஆண்டு அறிவிப்பையும் கையோடு கொண்டு வாருங்கள். சேர்ந்து படித்துப் பார்க்கலாம்.